வாடை இல்லை என்று எழுதிய தாள்

என் மூக்கைப் பற்றி முதலாளி கணேசமூர்த்தி பெருமையடிக்காத நாள் கிடையாது. "மிசின்ல அப்புறம் பாப்போம்லா, மொதல்ல ஹரிதாஸ் மூக்கு பாக்கட்டும்" என்பார். மலாக்காவில் எங்கள் பட்டறைக்கு வரும் காரில் உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றி, ஒரு மூச்சு இழுத்தால் போதும். கிளட்ச் கருகுகிறதா, பெட்ரோல் கசிகிறதா என்று சொல்லிவிடுவேன். அதற்காகவே என்னை முன்மேசையில் உட்காரவைத்து, வருகிறவர்களின் புகாரைக் கேட்டு எழுதும் வேலையைக் கொடுத்திருந்தார்.

கோவிட் வந்து அந்த மூக்கைக் கொண்டுபோய்விட்டது. என் மனைவி கமலவேணி டுரியான் பழத்தைப் பிளந்து முகத்துக்கு நேரே நீட்டினாள். ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சன்னலைச் சாத்துகிறார், நான் கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன். அவளைத் தவிர இது யாருக்கும் தெரியாது. ஐம்பத்து நான்கு வயதில், மூக்கு போன ஹரிதாஸை முதலாளி வைத்துக்கொள்வாரா? அந்தப் பயத்தில் மூன்று வருடமாக மூச்சை இழுத்து, தலையை ஆட்டி, நடித்துக்கொண்டிருந்தேன்.

தேவமலர் பக்கத்து ஊரான பெம்பானிலிருந்து வருகிறவள், ஓர் ஆபீசில் கிளார்க். "டேங்க் ஃபுல்லா அடிச்சா உள்ள பெட்ரோல் வாடை வருதுண்ணே. பின்னால ஒக்காந்தா மக தல வலிக்குதுங்கறா" என்றாள் முதல் முறை. நான் காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, புகார்த் தாளில் 'சோதித்தேன், வாடை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தாள். மறுபடி அதையே எழுதினேன். மெக்கானிக் தர்ஷனைக் கூப்பிட்டு முகரச் சொல்லியிருக்கலாம். கூப்பிட்டால் என் மூக்குக்கு என்ன மரியாதை?

போன செவ்வாய்க்கிழமை காலை மூன்றாம் முறை வந்தாள். "இன்னும் வாடை வருதாம்மா?" என்று நானாகவே பேனாவை எடுத்தேன்.

"அத எழுத வேணாம்ணே. சர்வீஸ் மட்டும் போதும்." அவள் குரல் இறங்கிவிட்டது. "கார்ல ஒன்னும் இல்ல. எனக்குத்தான் மனசு சரியில்லையாம். நீங்க எழுதின ரெண்டு தாளையும் காட்டித்தான் வீட்டுக்காரரு கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனாரு. ரெண்டு வாரமா மாத்திர சாப்பிடறேன். ஒங்களையும் சும்மா தொந்தரவு பண்ணிட்டேன். சாரிண்ணே."

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். என்னிடம்! இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனிதனே இல்லை.

"மனசு சரியில்லாம இல்லம்மா. எனக்குத்தான் எந்த வாடையும் தெரியாது. கோவிட்ல போயிருச்சு. ரெண்டு தடவையும் நான் பொய்யாத்தான் எழுதினேன்."

முதலாளி தன் அறைக் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தர்ஷனிடம் சாவியைக் கொடுத்தார்.

தர்ஷன் டேங்கை நிரப்பிக்கொண்டு, நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டபடி திரும்பி வந்தான். "எப்படிண்ணே இதுல ஒக்காந்தீங்க? மூச்சு முட்டுதுலா!" பின் சீட்டில் கிடந்த பள்ளிப்பையை நகர்த்திவிட்டுச் சீட்டைத் தூக்கினான். அடியில், டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கும் பம்பின் மூடியில் இருந்த ரப்பர் வளையம் வெடித்து, சுற்றிலும் ஈரம் கசிந்திருந்தது. மகள் தினமும் உட்காரும் இடத்துக்கு நேர் கீழே.

தேவமலர் அந்த ஈரத்தைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தாள். பிறகு பையிலிருந்து பழைய தாள்கள் இரண்டையும் எடுத்து என் மேசையில் வைத்தாள். நான் எழுதியதை நானே அடித்தேன். புதுத் தாளில், 'கசிவு இருக்கிறது. இவர் முதல் நாளே சரியாகச் சொன்னார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவள் ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். மறுபடி பைக்குள் கைவிட்டு, கிளினிக்கில் கொடுத்த மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து அந்தத் தாள்களின் மேல் வைத்தாள்.

"இத எந்தத் தாள்லண்ணே திருத்துவீங்க?"

பேனா என் கையில்தான் இருந்தது.