தொண்ணூறுக்கு மேல் போனால் சேவல்

'வெள்ளிப் பருந்து' படத்தின் நாலாம் பாகம் வெள்ளிக்கிழமை வருவதாக இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அது முந்தின ஞாயிற்றுக்கிழமையே ஓடி முடிந்துவிட்டது. யாரும் பார்க்கவில்லை. பார்க்காமலே வில்லன் எப்படிச் சாவான், பருந்துக்கு எந்தச் சிறகு ஒடியும், கடைசியில் யார் அழுவார்கள் என்பதெல்லாம் முடிவாகிவிட்டது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். அமெரிக்காவில் இருக்கிற விமர்சகர்கள் படத்தைப் பற்றி என்ன சொல்லப் போகிறார்கள்? அவர்கள் சரியில்லை என்று சொல்லிவிட்டால் வட்டகொடையில் நாலு பேருக்குச் சோறு இறங்காது.

அந்த நாலு பேரில் முதல் ஆள் என் மச்சினன் அழகுமுத்து. வயது முப்பத்தெட்டு, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஸ்டேஷனடியில் ஆட்டோ ஓட்டுகிறான். ஆட்டோவின் இரண்டு பக்கமும் வெள்ளிச் சிறகு ஒட்டியிருக்கிறான். அந்தச் சிறகோடு எங்கள் லயத்து மேட்டில் ஏற முடியாமல், பாதியில் நிறுத்தி ஆட்களை இறங்கித் தள்ளச் சொல்லுவான்.

எங்களுக்கு போன் சிக்னல் கிடைக்கிற இடம் மேலே தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துப் பாறை மட்டும்தான். வேலை முடிந்த பிறகு ரசிகர்கள் அங்கேதான் கூடுவார்கள். திங்கட்கிழமை விறகு சுமந்துகொண்டு அந்த வழியாக வந்தபோது அழகுமுத்து நடுவில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் சுமன். சுமனுக்குத் தேயிலை ஃபேக்டரியில் வேலை. கொழுந்து லொறியோடு வந்து மலையில் தராசு பிடிப்பான். மற்ற நேரத்தில் தேயிலை ருசி பார்க்கிற அறையில் கோப்பை கழுவுவான்.

"என்ன மாப்ள, யாரும் செத்துட்டாங்களா? எல்லாரும் இப்படிக் குந்தியிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"இன்னைக்கு விமர்சகருங்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டிட்டாங்க மச்சான். ஆனா புதன்கிழமை அஞ்சு மணி வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க."

"பார்த்ததைச் சொல்லக் கூடாதுன்னா?"

"ஆமா."

"ஏன், களவு எடுத்தவனா அவன்?"

சுமன் குறுக்கே வந்தான். "அதைத்தாண்ணே நானும் கேக்குறேன். படம் நல்லா இருந்தா எதுக்கு வாயைக் கட்டணும்? மூணாம் பாகத்துக்கு ஒரு கிழமைக்கு முந்தியே பேச விட்டாங்க. இதுக்கு ரெண்டே நாள். எனக்கு என்னமோ பயமா இருக்கு."

"ஒனக்கு என்னடா தெரியும்," என்றான் அழகுமுத்து. "முடிவு வெளியில வந்துரக் கூடாதுன்னு கட்டியிருக்காங்க. அவ்வளவு பெரிய முடிவு. தொண்ணூறுக்குக் கீழ போகாது, பாரு."

தொண்ணூறு என்பது நூறு விமர்சகர்களில் எத்தனை பேர் நல்ல படம் என்கிறார்கள் என்கிற கணக்கு. அதைப் போட்டுக் காட்டுவதற்கென்றே ஓர் இணையதளம் இருக்கிறதாம். எங்கள் லயத்தில் நூற்றில் எத்தனை கூரை ஒழுகுகிறது என்று கணக்குப் போட ஒரு தளமும் இல்லை. போட்டால் பருந்தைவிட நல்ல எண் கிடைக்கும்.

இதையெல்லாம் கேட்டுச் சிரித்துவிட்டு என் விறகோடு நான் போயிருப்பேன். அழகுமுத்து அடுத்த பேச்சைப் பேசாமல் இருந்திருந்தால்.

"தொண்ணூறுக்கு மேல போனா ரோதமுனிக்கு ஒரு செஞ்சேவல் அறுக்கிறேன்னு நேர்ந்துக்கிட்டேன் மச்சான்."

ரோதமுனி ஃபேக்டரிச் சாமி. உள்ளே ஓடுகிற சக்கரங்களுக்கெல்லாம் காவல். அமெரிக்கப் படத்துக்கும் அவர்தான் காவல் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

"செஞ்சேவலுக்கு எங்க போவ?"

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அக்காகிட்ட கேட்டுட்டேன்," என்றான்.

விறகை அங்கேயே போட்டேன்.

தோட்டத்தின் மேல்பிரிவில் பழுதில்லாத செஞ்சேவல் ஒன்றே ஒன்றுதான். அது என் வீட்டுக் கூடையில் இருக்கிறது. வியாழக்கிழமை காலையில் நாலாம் நம்பர் மலையில் கவ்வாத்து தொடங்குகிறோம். உயர்ந்துபோன தேயிலைச் செடிகளை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுகிற வேலை. வெட்டுகிறவர்கள் ஆறு பேர், அதில் நான் மூத்தவன். முதல் செடியில் கத்தி படுவதற்கு முன்னால் மூன்று கல் நட்டு, கத்திகளைப் படையலாக வைத்து, கவ்வாத்துச் சாமிக்குச் சேவல் அறுத்து, அந்த இரத்தத்தைக் கத்தியில் தடவ வேண்டும். போன தடவை வேறு மலையில் தொடங்கும்போது, "தேங்கா ஒடைச்சாப் போதும், சாமி கோவிச்சுக்காது" என்று ஒருவர் சொன்னார். சரி என்றோம். மூன்றாம் நாள் கத்தி திரும்பி என் இடது காலில் இறங்கியது. பதினொரு தையல், இரண்டு மாதம் வீட்டில். கத்தி வழுக்கியது என்று டாக்டர் துண்டுச் சீட்டில் எழுதினார். அவர் கவ்வாத்து வெட்டியவர் இல்லை.

அதனால்தான் எட்டு மாதமாக அந்தச் சேவல் எங்களோடு சாப்பிடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கேட்டேன். சண்முகவடிவு கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள்.

"ஒன் தம்பிக்குச் சேவலைத் தர்றேன்னியா?"

"தர்றேன்னு சொல்லல. கேட்டான். சாமிக்குத்தானே வளர்த்தேன்னான். ஆமான்னேன். ரோதமுனியும் சாமிதானேன்னான். அதுக்கும் ஆமான்னேன்."

"கவ்வாத்துச் சாமிக்குன்னு பேர் சொல்லி விடலையா நீ?"

"சாமிக்குன்னு சொல்லித்தான் மஞ்சத் தண்ணி தெளிச்சேன். எந்தச் சாமிக்குன்னு விலாசமா எழுதுவாங்க?"

நேர்ந்து விடும்போது பேர் சொல்லாமல் விட்டதுதான் பிழை. இப்போது அந்தச் சேவல் முதலில் கேட்கிற சாமிக்குச் சொந்தம். முதலில் கேட்டவன் அழகுமுத்து.

"தொண்ணூறுக்கு மேல போனாத்தானே," என்றாள் அவள். "போகாட்டி ஒங்களுக்கு. சும்மா மூஞ்சத் தூக்காதீங்க."

இப்படியாக என் இடது கால் அமெரிக்க விமர்சகர்களின் கைக்குப் போனது.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் நானே பாறைக்கு ஏறினேன். ரசிகர்கள் இடம் விட்டு உட்கார வைத்தார்கள். படம் கேவலமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்திருக்கிற ஆள் என்பது அவர்களுக்குத் தெரியாது. அரை மணி நேரத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. படத்தை இரண்டு தடவை வெட்டி ஒட்டினார்களாம். நல்லது. இயக்குநர் பாதியில் சண்டை போட்டாராம். மிக நல்லது. இரண்டே முக்கால் மணி நேரப் படமாம். என் கால் வலி கொஞ்சம் குறைந்தது.

"ரெண்டே முக்கா மணி நேரம்னா இழுவையாத்தான் இருக்கும்," என்றேன்.

"முதல் பாகமே ரெண்டரை மணி நேரம் மச்சான்."

"அதனாலதான் சொல்றேன். அதுலயே பருந்து பறக்குறதுக்கு முந்தி ஒரு மணி நேரம் பேசிக்கிட்டே இருந்துச்சு."

அழகுமுத்து என்னை ஒரு மாதிரி பார்த்தான். "நீங்க எப்பப் பார்த்தீங்க?"

"ஒன் ஆட்டோவைத் தள்ளிக்கிட்டு வரும்போது நீதானே கதை சொன்ன."

அப்போதுதான் போனில் அது வந்தது. விமர்சகர் ஒருவர், பெரிய ஆளாம், தன் இணையப் பக்கத்தில் ஒரு போட்டோ போட்டிருந்தார். மேசை மேல் ஒரு கோப்பை. உள்ளே ஒன்றுமில்லை. கீழே ஒரு வார்த்தையும் இல்லை. வாய்தானே கட்டியிருக்கிறது, கோப்பையால் பேசுகிறார் என்றார்கள். உலகம் முழுக்க இருக்கிற ரசிகர்கள் அந்தக் கோப்பைக்கு அர்த்தம் தேடிக்கொண்டிருந்தார்கள். வெறும் கோப்பை, அதனால் வெறும் படம் என்று ஒரு கட்சி. எனக்கு அந்தக் கட்சியைப் பிடித்திருந்தது.

சுமன் போனை வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு டாக்டர் மாதிரி தலையை ஆட்டினான்.

"இவனுங்களுக்கு டீயைப் பத்தி ஒன்னும் தெரியல. நான் தெனம் அறுபது கோப்பை கழுவுறேன். டீ ருசி பார்க்கிற ஐயா என்ன செய்வாரு? உறிஞ்சுவாரு, துப்புவாரு. எவ்வளவு நல்ல டீயா இருந்தாலும் முழுங்க மாட்டாரு. அவரு பார்த்த கோப்பையில பாதி டீ அப்படியே நிக்கும். இந்தா, இதுல சொட்டு இல்ல. துப்ப வேண்டிய ஆளு முழுசாக் குடிச்சிருக்காரு. இதுக்கு என்ன அர்த்தம்?"

பாறையில் இருந்த எல்லோரும் போனை எட்டிப் பார்த்தார்கள்.

"தொண்ணூத்தஞ்சு," என்றான் அழகுமுத்து மெதுவாக.

"படத்துல தூக்கம் வரக் கூடாதுன்னு குடிச்சிருப்பான்," என்றேன் நான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவர்களுக்குக் காலிக் கோப்பைக்கு வேறு அர்த்தம் சொல்ல முடியாது. அன்றைக்கு இரவு சேவலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஒரு கவலையும் இல்லை. எந்தச் சாமியானாலும் அதற்குக் கதை ஒன்றுதான்.

புதன்கிழமை நாலரை மணிக்கே பாறையில் இடமில்லை. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. காலையில் பெய்த மழையில் எல்லோருடைய உடம்பிலும் கொழுந்து ஈரம். அழகுமுத்து வெள்ளிச் சிறகு போட்ட டீசேர்ட்டில் வந்திருந்தான். அஞ்சு மணிக்கு போனை நெஞ்சுக்கு நேரே பிடித்தான்.

"நூறு," என்றான்.

என் கால் சுரீரென்றது.

"எத்தனை பேரு?" என்று கேட்டேன்.

"மூணு பேரு."

"மூணு பேரு ஒரு கணக்கா? எங்க சங்கத்துக் கூட்டத்துக்கே அதைவிட ஆள் வருது."

அது கணக்கில்லை என்று சுமனும் சொன்னான். கொஞ்ச நேரத்தில் பதினொரு பேர் ஆனார்கள், அதில் ஒருவருக்குப் படம் பிடிக்கவில்லை. தொண்ணூற்றொன்று. முகம் தெரியாத அந்த ஒருவர் நீண்ட நாள் வாழ வேண்டும் என்று நினைத்தேன். பிறகு பின்னாலேயே எல்லாரும் நல்ல படம் என்று எழுத ஆரம்பித்தார்கள். பதினெட்டு பேர் ஆனபோது எண் தொண்ணூற்று நான்கில் நின்றது. பத்து நிமிஷமாக அசையவில்லை.

"போதும்," என்று அழகுமுத்து எழுந்தான். "அக்காவுக்குச் சொல்லி அனுப்பிட்டேன். சேவலைக் கொண்டு வரும்."

சொன்ன மாதிரியே சண்முகவடிவு ஏறி வந்தாள். மலையிலிருந்து நேராக வீட்டுக்குப் போய், கொழுந்து பறிக்கக் கட்டிய படங்குச் சாக்கைக்கூட இடுப்பிலிருந்து அவிழ்க்காமல், சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். அந்த ஈரச் சாக்கைப் பார்த்தபோதுதான் எனக்கு யோசனை வந்தது.

"சுமன்," என்றேன், "இன்னைக்குக் கொழுந்து நிறுத்தியா?"

"நிறுத்தேண்ணே."

"வடிவுக்குத் தராசு எவ்வளவு காட்டுச்சு?"

"இருபத்திரெண்டு."

"துண்டுல எவ்வளவு எழுதுனாங்க?"

சுமன் தன் காலைப் பார்த்தான். "பதினெட்டு."

"நாலு கிலோ எங்க போச்சு?"

"சாக்குக்கு ஒன்னு, ஈரத்துக்கு மூணு. மழை நாளைக்கு அப்படித்தாண்ணே கழிக்கச் சொல்லியிருக்கு."

"ரோதமுனி எந்த ஊருச் சாமி?"

"ஃபேக்டரிச் சாமி."

"அப்ப அவருக்குத் தெரிஞ்சது ஃபேக்டரிக் கணக்குத்தான். தராசு காட்டுறதை இங்க எவனும் எவளுக்கும் முழுசா எழுதினதில்ல. இன்னைக்கு மழை நாள். தொண்ணூத்திநாலுல நாலு கழி."

"தொண்ணூறு," என்றான் சுமன்.

"மேல போனாத்தானே சேவல். மேல போச்சா?"

"இல்ல."

அழகுமுத்து போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். பிறகு, "மச்சான், அது கிலோ இல்ல, சதவீதம். பதினெட்டு பேரு எழுதுன எழுத்துல ஈரம் எங்கேருந்து வந்துச்சு? அக்கா, நீயே சொல்லு," என்றான்.

சண்முகவடிவு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். சேவலை இந்த அக்குளிலிருந்து அந்த அக்குளுக்கு மாற்றினாள்.

"என்னோட கொழுந்துல ஈரம் எங்கேருந்து வந்துச்சுன்னும் யாரும் சொல்லல தம்பி," என்றாள். "இருபத்தியொரு வருஷமாக் கழிக்கிறாங்க. வெயில் நாளைக்கும் கழிக்கிறாங்க. ஒரு நாளாவது வந்து அக்காவுக்கு ஏன் கழிக்கிறீங்கன்னு கேட்டியா? பருந்துக்கு மட்டும் முழு எடையா?"

"அக்கா, அது படம்."

"படமா இருக்கட்டும். எனக்குக் கழிக்கிற மாதிரி அதுக்கும் கழி."

சொல்லிவிட்டு அவள் இறங்கிப் போனாள். அக்குளில் சேவலும் போனது. சுமன் தராசு பிடித்த தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வியாழக்கிழமை காலை நாலாம் நம்பர் மலையில் மூன்று கல் நட்டோம். இந்தத் தடவை, கவ்வாத்துச் சாமிக்கு என்று பேர் சொல்லி நானே சேவலைப் பிடித்தேன். எங்கள் கூட்டத்தில் இக்னேசியஸ் வேதக்காரர். அவரும் சிலுவை போட்டுக்கொண்டு, தன் கத்தியை நன்றாக முன்னால் தள்ளி வைத்தார். மலையடியிலேயே சோறும் கறியும் ஆக்கினோம். வழியில் போனவன் மாதிரி அழகுமுத்து வந்தான். தொடைத் துண்டு இரண்டும் அவன் இலைக்குத்தான் போயின. கறி எப்படி என்று கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. முடியும் வரைக்கும் அவனும் யாருக்கோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவன் மாதிரி இருந்தான். கை கழுவிய பிறகு, "உப்புக் கொறைவு," என்றான்.

வெள்ளிக்கிழமை அவன் ஹட்டனுக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்தான். அதற்குள் விமர்சனம் எழுதியவர்கள் இருநூறு பேருக்கு மேல் ஆகி, எண் எழுபத்தொன்றுக்கு இறங்கிவிட்டது. படம் எப்படி என்று கேட்டேன்.

"படம் அருமை. நீங்க கழிக்க ஆரம்பிச்சீங்க, அதைப் பார்த்து எல்லாரும் கழிச்சுட்டாங்க," என்றான். பாறையில் எல்லோரும் அதை நம்புகிறார்கள். வட்டகொடையில் நின்றுகொண்டு ஓர் அமெரிக்கப் படத்தைக் கவிழ்த்த ஆள் என்று என்னைக் காட்டுகிறார்கள்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. இரண்டு காலும் நன்றாக இருந்தன. வீட்டில் படுத்திருக்கலாம். அஞ்சு மணிக்கு எழுந்து பாறைக்கு ஏறினேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. சுமன் மட்டும் இருந்தான். கேட்காமலே போனை என் பக்கம் நீட்டினான்.

அறுபத்தெட்டு. ஈரம் கழிக்காமலே.