வலது கைக் கதவு

திரைச்சீலையைக் கண்டுபிடித்தவன் என் கையில் கிடைத்தால், அவனை அதே துணியில் சுருட்டிக் கடலில் போட்டுவிடுவேன். கல்யாணம் முடிந்து என் கணவர் ஜாய்சன் கப்பல் வேலைக்குத் திரும்பும்வரை, புன்னைக்காயல் வீட்டில் எங்கள் அறைக்கு இருந்தது வெறும் துணிதான். ஹாலில் மின்விசிறி சுற்றினால் அது பறக்கும். பறக்காத நேரத்தில் விக்டோரியா சித்தி, அதாவது என் மாமியாரின் தங்கை, காப்பித் தம்ளரோடு அதை நீக்கிக்கொண்டு, "எந்திச்சாச்சா?" என்று உள்ளே வருவாள். நானும் அவரும் ஒரு பேச்சை முழுசாகப் பேசி முடித்ததே கிடையாது.

அதனால்தான் அவர் விடுமுறையில் வருகிறார் என்றதும் தூத்துக்குடிக் கடையில் கதவுக்குச் சொல்லிவிட்டேன். நிலை, கீல், பூட்டு எல்லாம் பொருத்தியே வரும் கதவு. ஒரு பக்கக் கைப்பிடியில் பொத்தானை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். மறுபக்கம் சாவி போடும் துளை. சுவரில் நிறுத்தித் திருகாணியை முடுக்கினால் முடிந்தது வேலை. எனக்கு அந்தப் பொத்தான்மேல் அப்படி ஒரு ஆசை.

கதவு வந்து இறங்கியது சரியாக அவர் வருகிற நாள் காலையில். பொருத்துகிற ஆள் மட்டும் வரவில்லை. திங்கட்கிழமைதான் வருவானாம்.

"திங்கக்கெழம வரைக்கும் துணி கெடந்துட்டுப் போட்டும்ளா," என்றார் என் மாமியார் பிலோமி.

"கெடக்கக் கூடாது மாமி."

மதியம் ஜாய்சன் வாகைக்குளத்தில் விமானத்தை விட்டு இறங்கிவிடுவார். நான் துணியைக் கழற்றித் தரை துடைக்கப் போட்டேன். பக்கத்து வீட்டில் படகு பழுது பார்க்கும் அம்புரோஸ் அண்ணனிடம் டிரில்லிங் மெஷினும் கொஞ்சம் மரச்சில்லும் வாங்கி வந்தேன். போனில் வீடியோ பார்த்திருக்கிறேன், இரண்டு கை போதாதா? மாமியையும் சேர்த்தால் நான்கு.

முக்கி முனகிக் கதவை நிலையோடு தூக்கி அறை வாசலில் நிறுத்தினோம். ஆசையாக உள்பக்கம் தள்ளித் திறந்தேன். பாதிதான் திறந்தது. 'டம்' என்று பீரோவில் போய் இடித்து நின்றது. கீல் இருந்தது வலப்பக்கம். பீரோ நிற்பதும் வலப்பக்கம். அதை நகர்த்த அந்த அறையில் வேறு இடமே இல்லை.

"மாமி, கடையிலேருந்து போன் பண்ணி ஏதும் கேட்டாங்களா?"

"கேட்டான். நீ குளிச்சிட்டு இருந்த. வலது கைக் கதவா, எடது கைக் கதவான்னான். வலதுன்னேன்."

"ஏன் மாமி?"

"புதுசா கெட்டிக்கிட்ட புள்ளைகளுக்குன்னு வாங்குத கதவு. நல்ல காரியத்துக்குப் போயி யாராச்சும் எடதுன்னு சொல்லுவாகளா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கீல் எந்தப் பக்கம் என்று கேட்டவனுக்கு ராசி சொல்லி அனுப்பியிருக்கிறார். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகைகூட வந்தது.

மாமி கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஹாலில் டிவிக்கு முன்னால் கிடந்த தன் நாற்காலியைத் தூக்கி மறு மூலையில் போட்டார். அந்த நாற்காலியை யாரும் அசைக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

"முன்பின்னா திருப்பி வையி. ஹாலுக்குள்ள தொறந்துட்டுப் போட்டும்," என்றார்.

திருப்பினோம். கீல் இடப்பக்கம் வந்துவிட்டது. கதவு பீரோவின் பக்கமே போகவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

கீல் பக்கம்தான் முதலில் செங்குத்தாக நிற்க வேண்டும். தூக்குக்குண்டுக்கு எங்கே போவது? வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டைத் தூண்டில் நரம்பில் கட்டி மாமியே மேலேயிருந்து தொங்கவிட்டார். கழுவுகிற தண்ணீர் வாசலுக்கு ஓடட்டும் என்று கொத்தனார் தரையை வாட்டம் விட்டுப் போட்டிருந்ததால், நிலையின் ஒரு கால் அந்தரத்தில் நின்றது. அதன் அடியில் ஒரு மரச்சில்லை ஆப்பாக வைத்தோம். சுவருக்கும் நிலைக்கும் நடுவில், கீலுக்கு நேராக, இரு புறமிருந்தும் ஆப்பு.

"மருமவளுக்கு ஆப்பு வைக்க எல்லா மாமியாளுக்கும் இப்பிடிக் குடுத்து வைக்குமாளா?" என்று தட்டிக்கொண்டே கேட்டார் மாமி. சிரிப்பில் எனக்கு மெஷின் பிடிக்க முடியவில்லை.

நூலுக்கு நேராகக் கீல் பக்கம் நின்றதும் முடுக்கினேன். மறுபக்கத்தில், கதவுக்கும் நிலைக்கும் இடையே மாமியின் செபப் புத்தகத்திலிருந்த மாதா படத்தைச் செருகி மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தோம். எங்கும் சிக்கவில்லை. அந்தப் பக்கத்தையும் முடுக்கினேன். கதவைப் பாதி திறந்து கையை எடுத்தேன். தானாக ஓடவில்லை, விட்ட இடத்திலேயே நின்றது. மாமியைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்துவிட்டேன். கல்யாணத்தன்றுகூட நான் அப்படிச் செய்ததில்லை.

வாசலில் கார் வந்து நின்றது. பெட்டியை ஹாலில் வைத்த ஜாய்சன் கதவைத்தான் முதலில் பார்த்தார்.

"யாரு மாட்டுனா?"

"நாங்கதான்," என்று அவரை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். 'டக்' என்று அழகாக விழுந்தது. பொத்தானை அழுத்தக் கை வைத்தால், அங்கே இருந்தது சாவித் துளை.

கதவைத் திருப்பினோமே, பூட்டைத் திருப்பினோமா? என் ஆசைப் பொத்தான் ஹால் பக்கம் இருந்தது. அதே நேரம் வாசலில் விக்டோரியா சித்தியின் குரல் கேட்டது. பின்னால் இன்னும் நாலைந்து குரல்கள். எனக்கு உயிரே போய்விட்டது. கதவு இருந்தும் துணி மாதிரிதான்.

அப்போது வெளியே பொத்தான் அமுங்கும் சத்தம் கேட்டது.

"ஏளா விக்டோரியா, அவன் அசதியில தூங்குதான். சாயங்காலமா வா," என்றார் மாமி.

"சுஜிதாவ எங்க?"

"அவ கடைக்குப் போயிருக்கா."

குரல்கள் முணுமுணுத்துக்கொண்டே தெருவில் இறங்கின. ஹாலில் நாற்காலி இழுபடும் சத்தம். அது கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"சாவி எங்கிட்ட இருக்குளா," என்றார் மாமி, மெதுவாக. "வேணும்ங்கப்ப தட்டு."

ஜாய்சன் என்னைப் பார்த்தார். "தட்டுவமா?"

நான் சாயங்காலம்வரை தட்டவில்லை.