கட்டிலுக்கடியில் படுத்திருந்த பாதை

காத்திவாக்கத்திலிருந்து முகத்துவாரத்துக்குப் போகும் ஒற்றையடிப் பாதை, போன சித்திரையில் ராயபுரத்துக்கு வந்து, டெபோராவின் கட்டிலுக்கடியில் ஒரு வாரத்துக்கு மேல் படுத்துக் கிடந்தது. பெரிய பாதை ஒன்றுமில்லை. ஓர் ஆள் போகலாம், எதிரே ஆள் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும், அவ்வளவு அகலம். உப்பேறிய மணல், இரண்டு ஓரமும் அடம்பங்கொடி, அங்கங்கே நண்டு வளை. காத்திவாக்கத்துப் பெண்கள் கழிமுகத் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்க அதன் மேல்தான் போய் வந்தார்கள். அந்த இறாலை வாங்கி ராயபுரத்தில் தெருத் தெருவாக விற்கிற டெபோராவும் கூடையோடு அதன் மேல்தான் போய் வந்தாள். அனல் மின் நிலையம் வந்தது, சுனாமி வந்தது, ஒரு வருஷம் கடல் முழுக்க எண்ணெய் மிதந்தது; அந்தப் பாதைக்கு மட்டும் ஒரு நாள்கூட லீவு கிடைத்ததில்லை.

அது வந்தது இப்படி. ஒரு சாயங்காலம் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல எண்ணூர் சாலையை அடைத்துக்கொண்டு நின்றன. பஸ் நகர்வதாக இல்லை. டெபோரா இறங்கி, குதிகால் வலியோடு, வீடு வரைக்கும் நடந்தே வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பினால், பாதை பின்னால் நின்றுகொண்டிருந்தது. அவளைப் போலவே அதற்கும் அலுத்துப்போயிருந்தது. யாரையும் கேட்காமல் உள்ளே வந்து கட்டிலுக்கடியில் சுருண்டுகொண்டது. ஒரு மைல் நீளமுள்ள பாதை ஒரு கட்டிலுக்கடியில் எப்படி அடங்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். எட்டுப் பேர் ஒரே அறையில் அடங்குகிற ஊரில் இதெல்லாம் ஒரு கேள்வியா?

மறுநாள் குதிகாலைப் பார்த்த டாக்டர், காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று சொல்லிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து அப்போதுதான் முதல் முறையாக வெயில் ஏறும் வரை டெபோரா தூங்கினாள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அவள் புருஷன் பாஸ்கல் உப்புப் போடாமல் குழம்பு வைத்தான். அதையும் அவள் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டாள். கட்டிலுக்கடியிலிருந்து கடற்காற்று வீசியதால் ஃபேன் போட வேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டு ஃப்ளோரன்ஸ் மத்தியானம் முந்தானையை விரித்துப் படுக்க அங்கேதான் வந்தாள். நண்டுகள் மட்டும் பாத்திரம் கழுவும் இடம் வரை போய்த் தொந்தரவு செய்தன. பாதை தூங்கும்போது அலை பின்வாங்குகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்ததில் டெபோராவின் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்புகூடக் கொஞ்சம் குறைந்தது. அவள் சந்தோஷமாக இருந்தாள்.

அப்போதுதான் காத்திவாக்கத்திலிருந்து போன் வந்தது. பேசியது பச்சையம்மா; டெபோராவுக்கு இறால் கொடுக்கிறவள், அவளைவிட நாலைந்து வயது பெரியவள்.

“டெபோரா, வயி ஒன்னாண்ட கீதா?”

“கீதுக்கா. பட்த்துகினு கீது.”

“நல்லா பட்த்துச்சு போ. இங்க செவுரு ஏத்திகினு கீறானுங்க.”

கடற்கரையோரம் கிடங்கு கட்ட இடம் வாங்கிய ஒரு கம்பெனி, பாதை இருந்த இடத்துக்குக் குறுக்கே ஆள் உயரத்துக்கு மேல் மதில் எழுப்பிவிட்டது. பெண்கள் போய்ச் சண்டை போட்டார்கள். இங்கே எந்தக் காலத்திலும் பாதை கிடையாது, இருந்தால் காட்டுங்கள் என்றான் கம்பெனி மேனேஜர். திரும்பிப் பார்த்தால் அந்த இடத்தில் வெறும் கருவேலம் புதர். மறுநாள் சாயங்காலம் அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்க்கப் போகிறார். பாதை இல்லையென்றால் மதில் நிற்கும், அதற்குப் பிறகு கழிமுகத்துக்கு யாரும் போக முடியாது. பச்சையம்மா இதைச் சொல்லிவிட்டு, “இன்னா செய்வியோ தெரியாது” என்று போனை வைத்துவிட்டாள்.

பாஸ்கல் முதலில் பாதையைச் சுருட்டி மீன்பாடி வண்டியில் ஏற்றிப் பார்த்தான். தெருமுனை தாண்டுவதற்குள் அது அவிழ்ந்து, கட்டிலுக்கடியில் வந்து படுத்துக்கொண்டது. காலால் உண்டானது, கால் போகிற இடத்துக்குத்தான் போகும், வண்டியில் ஏறுமா? டெபோரா விடியற்காலையிலேயே காலில் துணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள்.

“இந்தக் காலோட காத்திவாக்கம் நட்ப்பியா? அப்றம் ஆயுசுக்கும் நொண்டிகினு கெட” என்றான் பாஸ்கல்.

“அதுவும் பட்த்துகினு, நானும் பட்த்துகினு இர்ந்தா செவுருதான்யா நிக்கும். தள்ளு.”

அவள் பாதையின் நுனியை மிதித்துவிட்டு வாசலைத் தாண்டினாள். பாதை சோம்பல் முறித்துக்கொண்டு பின்னால் கிளம்பியது.

காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர்கள் பார்த்துவிட்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். ஓய்வெடுத்த உடம்பு என்பதால் திருவொற்றியூர் வரைக்கும் டெபோராவுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. வலி இருக்கிறதா என்று அவளே சந்தேகப்பட்டாள். சாலையில் கன்டெய்னர் லாரிகள் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தன. நடுவே பாதை புகுந்து போனது, தாரின் மேல் அடம்பம்பூ பூத்தபடி. ஒவைஸ் என்ற லாரி டிரைவர் இறங்கி வந்து அவளுக்குத் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, பாதையின் மேல் கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். வாரக்கணக்கில் வண்டியிலேயே கிடக்கிறவருக்கு மணல் மிதிக்க வேண்டும் போலிருந்ததாம். அடுத்த சிக்னலில் டிராபிக் போலீஸ்காரர் எத்திராஜ் கையைக் காட்டி நிறுத்தினார்.

“எம்மா, இத்தயெல்லாம் ரோட்டுல இட்டாரக் கூடாது.”

“நடந்துதான சார் வருது? லாரி மாரி நின்னுகினா கீது?”

எத்திராஜ் யோசித்தார். கட்டி இழுத்துப் போகலாமென்று கயிறு கொண்டுவரச் சொன்னார்; கயிற்றை எதில் கட்டுவது என்று யாருக்கும் விளங்கவில்லை. அதற்குள் பாதையின் பாதி அவரைக் கடந்து போயிருந்தது. மீதியும் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

எண்ணூரை நெருங்கும்போது உச்சி வெயில். காற்றில் சாம்பலும் கேஸ் நெடியும். குதிகாலில் யாரோ ஆணி அடிக்கிற மாதிரி இருந்தது. டெபோரா ஒரு டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த உடனே பாதை பெஞ்சுக்கு அடியில் சுருண்டு, அந்த அலைச் சத்தத்தோடு தூங்க ஆரம்பித்துவிட்டது. காலில் கட்டிய துணி ரத்தமாகியிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. டீக்கடைக்காரர் பார்க்கிறாரே என்றுகூட நினைக்காமல் அழுதாள். வீட்டில் கட்டில் இருக்கிறது, குழம்பு இருக்கிறது, யார் கேட்கப் போகிறார்கள்? திரும்பிவிடலாம் என்றுதான் ஒரு நிமிஷம் நினைத்தாள். பிறகு மேனேஜர் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்தது. எந்தக் காலத்திலும் கிடையாதாமே! அப்படியானால் இத்தனை வருஷமாகத் தான் எதன் மேல் நடந்தோம்? வந்த கோபத்தில் பெஞ்சையே ஒரு தட்டுத் தட்டினாள்.

“பட்த்தது போதும். எனக்குந்தான் காலு நோவுது. ஏந்திரு, கஸ்மாலம்!”

பாதை எழுந்தது.

காத்திவாக்கத்தில் அதிகாரி முன்பே வந்து, கம்பெனி கொடுத்த இளநீரைக் குடித்துக்கொண்டிருந்தார். மேனேஜர் புதரைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். பெண்கள் இடுப்பில் இறால் போடும் பறியைக் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். தெருக்கோடியில் நொண்டி நொண்டி வருகிற டெபோராவை முதலில் பார்த்தவள் பச்சையம்மா. அவளுக்குப் பின்னால் நெளிந்து வருவதையும் பார்த்துவிட்டு, “தோ வருது பாரு சார், நீ கேட்ட வயி” என்றாள்.

டெபோரா நிற்கவில்லை. நேராக மதிலைப் பார்த்து நடந்தாள். மதிலண்டை வந்ததும் நிற்பாள் என்று மேனேஜர் நினைத்தான். அவளுக்கே அப்படித்தான் தோன்றியது. ஆனால் நாள் முழுக்கப் பின்னால் வந்த பாதை, தன் இடம் தெரிந்ததும் அவளைத் தாண்டி முன்னால் ஓடியது. புதருக்குள் நுழைந்து, பழைய தடத்தில் மணலைப் பரப்பி, மதிலில் முட்டி, ஒரு கணம் தயங்கி, அப்படியே மேலே ஏறியது. உச்சிக்குப் போய் அந்தப் பக்கம் இறங்கித் தண்ணீர் வரை நீண்டு படுத்தது. மணல் ஒரு பொட்டுக்கூட உதிரவில்லை. டெபோரா வலிக்கிற காலை முதலில் எடுத்து வைத்தாள். மதில் மேல் நடப்பது தரையில் நடப்பதைவிடக் கஷ்டமாக இல்லை. பெண்கள் பறியோடு அவளுக்குப் பின்னால் ஏறினார்கள். கடைசியில் அதிகாரியும் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறி இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, பாதை இருக்கிறது என்றார். மதிலும் இருக்கிறதே என்றான் மேனேஜர். ஆமாம், அதுவும் இருக்கிறது என்றார் அவர்.

டெபோராவுக்குக் கால் குணமாக மூன்று மாதம் ஆயிற்று. இன்றும் லேசாகச் சாய்ந்துதான் நடக்கிறாள், ஆனால் நடக்கிறாள். கம்பெனி மதிலை இரண்டு முறை உயர்த்தியது. பாதையும் கூடவே உயர்ந்தது. மூன்றாவது முறை வேலைக்கு வந்த கொத்தனார்கள், சாரம் கட்டுகிற சிரமம் எதற்கு என்று, பாதை மேலேயே செங்கல் சுமந்து ஏறினார்கள். அதோடு கம்பெனி விட்டுவிட்டது. இப்போது உச்சியில் நின்றால் காட்டுப்பள்ளித் துறைமுகக் கிரேன்கள் வரை தெரியும், காற்றும் நன்றாக இருக்கும். மழை நாளில் மட்டும் இறங்கும்போது கொஞ்சம் வழுக்கும். பிடித்துக்கொள்ளப் பச்சையம்மா ஒரு வலைக்கயிறு கட்டி வைத்திருக்கிறாள்.