ரஸாக் நானாவின் பேரில்

"ரஸாக் நிக்கிறாரோ? ஒருக்கா அவரிட்ட போனைக் குடுங்கோ" என்று கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து டிலக்‌ஷன் கேட்டபோது அஸ்மியா போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள். ரஸாக் நானா மவுத்தாகி ஆறு வருசம். மையவாடியில் அவரை அடக்கிய இடத்து மீஸான் கல்லில் எழுதியதுகூட உப்புக்காற்றில் தேய்ந்து போயிற்று. அந்த மனிதரைப் போய்ப் போனில் கேட்கிறான் இந்தப் பொடியன்!

"அவர் இப்ப இல்ல" என்றாள். அது பொய்யும் இல்லை.

"இல்லையோ? சேர்வருக்கு உள்ளுக்கு நிக்கிறார் எண்டெல்லோ இஞ்ச காட்டுது. இப்பத்தான் ஒரு பக்கத்தைத் திறந்திருக்கிறார்."

திறந்தவள் அஸ்மியாதான். பிறகு கூப்பிடுவதாகச் சொல்லிப் போனை வைத்தாள்.

பாலாவிச் சந்தியைத் தாண்டி, உப்பளங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் நண்டுக் கம்பனி அது. கற்பிட்டிக் களப்பில் பிடிபடும் நண்டை வாங்கி, அவித்து, சதையை எடுத்து டின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். எந்த மீனவர் வாடியிலிருந்து எத்தனை பெட்டி வந்தது, எந்த லொறியில் ஐஸ் உருகியது, எந்த டின்னில் ஓடு கிடந்தது என்று எதைச் சொல்வதானாலும் கம்பனி சேர்வரில் இருக்கும் பொதுப்பக்கத்தில் எழுத வேண்டும். எழுதியவர் பேர் தலைப்பில் தானாக விழும். அந்தச் சேர்வரைக் கட்டி மேய்த்தவர் ரஸாக் நானா. அவர் மவுத்தான கிழமையே மனேஜர் றிஸ்வி, அவருக்குக் கீழே வேலை பழகிக்கொண்டிருந்த அஸ்மியாவிடம் வந்து, "இப்போதைக்கு நானாட பேர்லயே உள்ளுக்குப் போங்க. புதுக் கணக்குக் கேட்டா கொழும்பால ஆயிரம் கேள்வி கேப்பாங்க" என்றார். அந்த 'இப்போதைக்கு' இன்னும் முடிந்தபாடில்லை. அஸ்மியா ராப்பகலாய் உழைத்தாள், பேர் ரஸாக் நானாவுக்கு விழுந்தது. யாருக்கும் அது வினோதமாகவும் படவில்லை. "ரஸாக் நானாட மெசேஜ் வந்திருக்கி" என்று கற்பிட்டிக் கிளையில் இன்றைக்கும் கூசாமல் சொல்வார்கள்.

இப்போது கொழும்பில் புது ஏற்பாடு. பழைய ஈமெயில், பொதுப்பக்கம் எல்லாவற்றையும் ஒரே காப்பகத்துக்குள் இழுத்துப் பூட்டி வைக்கும் மென்பொருள் ஒன்றை வாங்கியிருந்தார்கள். பாலாவிச் சேர்வரை அதற்குத் தயார்படுத்தும் வேலை அஸ்மியாவின் தலையில் விழுந்தது. அந்த மென்பொருள் எல்லாப் பக்கத்தையும் வாசிக்கும்படி அதற்கென்று ஒரு தனிக் கணக்குத் திறந்து உரிமை கொடுத்தாள். யாரோ பூட்டிவிட்டு மறந்துபோன பக்கங்களைத் தேடித் தேடித் திறந்தாள். வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்ற கட்டளையோடு முழுச் சேர்வரையும் பிரதி எடுத்து வைத்தாள். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று: ஆள் இல்லாத கணக்குகளை மூட வேண்டும். "உள்ளுக்குப் போனதை நான் நினைச்சாலும் மாத்தேலாது அக்கா. அதுக்குத்தானே இவ்வளவு காசைக் கொட்டியிருக்கினம்" என்று டிலக்‌ஷன் முதல் நாளே சொல்லியிருந்தான்.

மனேஜர் றிஸ்வி கதவைச் சாத்திவிட்டுத்தான் கதைத்தார். நல்ல மனிதர்தான். நெருப்பென்றால் முதலில் தன் கையை எடுத்துக்கொள்ளும் நல்ல மனிதர்.

"சேர்வர் கொழும்புக்குப் போனா இங்க இந்த வேலைக்கு ஒராள்தான் மிஞ்சும். யாருண்டு சிஸ்டத்தப் பாத்துத்தான் முடிவெடுப்பாங்க. உங்கட பேர் அதுல ஒரு இடத்துலயும் இல்லயாம், தங்கச்சி."

"நான்தான் எல்லாம் செஞ்சண்டு நீங்க சொல்லலாந்தானே சேர்?"

"வாயால சொல்லுவன். எழுதித் தர ஏலா. மவுத்தான ஆள்ட கணக்க இவ்வளவு காலம் ஓட விட்டது யாருண்டு கேட்டா என்ட கழுத்துக்குத்தான் கத்தி." குரலைத் தாழ்த்தினார். "கணக்க மூடாம, பேர மட்டும் மாத்தி விடலாந்தானே? ரஸாக்ண்டு இருக்கிறத அஸ்மியாண்டு. உங்களுக்குத் தெரியாததா?"

சீமெந்து லொறியிலிருந்து விழுந்ததிலிருந்து அஸ்மியாவின் புருசன் நூர்தீனால் ஒரு வாளித் தண்ணீர் தூக்க முடியாது. இந்த வேலை போனால் வீட்டில் உலை வைக்க வழியில்லை. ஆனால் ரஸாக் நானா? தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரையும் வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து தோணியில் வந்த மனிதர். "ஊர்ல என்ட பேர் இருந்த கடதாசி ஒண்டும் மிஞ்சல்ல. இங்க பாருங்க புள்ள, ஒரு நாளைக்கு நாப்பது தரம் விழுது" என்று திரையைக் காட்டிக் காட்டிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நினைக்க நினைக்க அவளுக்கு அழுகை வந்தது.

மவுத்தானவர் விட்டுப்போனது எதுவானாலும் வாரிசுகளைக் கேட்டு, அவர்கள் மனமொத்துக் கொடுக்க ஹலாலாக்கிக்கொள்ளாமல் தொடக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவள் அவள். சட்டை, சைக்கிள் என்றால் கேட்டுவிடலாம். பேரை என்னவென்று கேட்பது? வியாழக்கிழமை பின்னேரம் எப்படியோ மனதைத் திடப்படுத்திக்கொண்டு ரஸாக் நானாவின் மனைவி, அவள் அக்கா முறையில் தாத்தா என்று கூப்பிடும் ஹஃபீலாவின் வீட்டுக்குப் போனாள். தாத்தா முற்றத்தில் சாக்கு விரித்து, ஒரு முதலாளிக்காகச் சின்ன வெங்காயத்தின் தாளை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு விசயம் கேக்க வந்தன் தாத்தா. நீங்க ஹலாலாக்கித் தரணும்."

அஸ்மியா தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை தாத்தாவின் கை நிற்கவில்லை.

"பேர்தானே புள்ள. வேல செய்யிறது நீ. எடுத்துக்க, ஹலால்" என்றாள். அஸ்மியாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கியது போலிருந்தது. எழும்பிச் செருப்பைப் போடும்போது தாத்தா கேட்டாள்:

"அப்ப அவர் எழுதினதெல்லாம்?"

"அது அவர்ட பேர்லயே கிடக்கும் தாத்தா. இனி எழுதுறதுக்குத்தான் என்ட பேர்."

"அப்ப சரி. எங்கயாவது கிடக்கட்டும். கடைக்குட்டி நிஃப்லாக்கு வாப்பாட மொகமே மறந்து போச்சு. பெரிசாகிக் கேட்டாண்டா காட்டலாந்தானே?"

"ஓம் தாத்தா. காட்டலாம்."

அப்படித்தான் கிடக்கும் என்று அஸ்மியாவுக்கு நிச்சயமாகத் தெரியுமா? தெரியாது. யாருடைய பேரையும் அவள் இதுவரை மாற்றிப் பார்த்ததில்லை. எடுத்து வைத்த பிரதியில் ஒரு தரம் மாற்றிப் பார்த்தால் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும். பார்த்து, வேறு மாதிரி வந்து தொலைத்தால்? அந்தப் பயத்தில்தான் பார்க்கவில்லை. பஸ்ஸில் வரும்போது, தாத்தாவே சொல்லிவிட்டாள், தாத்தாவே சொல்லிவிட்டாள் என்று தன்னையே தேற்றிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் ஜும்ஆத் தொழுகைக்கு ஆண்கள் எல்லோரும் பள்ளிக்குப் போய்விட, அலுவலகம் வெறிச்சோடிக் கிடந்தது. பிஸ்மி சொல்லிக்கொண்டு கணக்கைத் திறந்தாள். ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் ஒரு பேர். அழிக்க ஒரு நொடியும் ஆகவில்லை. தன் பேரைப் போட்டாள். டிலக்‌ஷனுக்கு எடுத்து, எல்லாம் தயார் என்றாள்.

"அந்த ரஸாக்கின்ர கணக்கு?"

"இப்ப அப்படி ஒண்டு இல்ல."

"நல்லது. தொடங்கிறன் அக்கா."

காப்பகத்துக்குள் போன ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் சின்னதாய் ஒரு பூட்டுப் படம் விழத் தொடங்கியது. நேற்று அவள் எழுதிய குறிப்புகளின் தலைப்பில் அஸ்மியா என்று இருந்தது. ஆறு வருசத்தில் முதல் தரம். பொய் சொல்வானேன், பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. அந்த ஆசையில் வேறொன்றும் அவளுக்கு உறைக்கவில்லை. தன் முதற் குறிப்பு எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆவலில், தன் பேரில் இருப்பதையெல்லாம் பழையதிலிருந்து வரிசையாக வரச் செய்தாள்.

முதலில் வந்தது ஓர் ஐஸ் லொறிக் குறிப்பு. திகதியைப் பார்த்தாள். அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். கம்பனி வாசலை அவள் மிதிக்காத காலத்துக் குறிப்புகள் எல்லாம் அஸ்மியா, அஸ்மியா, அஸ்மியா என்று இறங்கிக்கொண்டே போயின. ரஸாக் என்று தேடினாள். ஒன்றும் இல்லை.

"யா அல்லாஹ்!" போனை எடுத்தாள். "நிப்பாட்டுங்க! டிலக்‌ஷன், நிப்பாட்டுங்க!"

"ஏனக்கா? அரைவாசிக்கு மேல போயிட்டுது. நிப்பாட்டலாம், ஆனா போனதை எடுக்கேலாது எண்டு சொன்னனான்தானே. ஏதும் பிழையோ?"

பிழை என்று சொன்னால் என்ன பிழை என்று கேட்பான். சொல்ல வெளிக்கிட்டால் ஆறு வருசத்தையும் சொல்ல வேண்டும். றிஸ்வி கையை விரிப்பார். வேலையும் போகும், போனது திரும்பியும் வராது. வாசலில் பள்ளியிலிருந்து வந்தவர்களின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

"அக்கா? நிப்பாட்டவோ?"

"இல்ல," என்றாள். "ஒண்டுமில்ல. ஓடட்டும்."

போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். திரையை மூட வேண்டும் என்றுதான் கையை வைத்தாள். ஆனால் கை தானாக ரஸாக் நானா மவுத்தான அந்தத் திகதிக்கு இறங்கிப் போயிற்று. அன்றைக்கு ஒரே ஒரு குறிப்புத்தான். பூட்டு இன்னும் விழவில்லை. தலைப்பில் அவளுடைய பேர்.

'அஸ்மியா: நெஞ்சு கொஞ்சம் நோவுது. வீட்ட போறன். நாளைக்கு வாரன், இன்ஷா அல்லாஹ்.'

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் பூட்டு விழுந்தது.