மிச்சர் தாவிய சனிக்கிழமை

வக்கீல் நோட்டீஸ் என் பெயருக்கே வந்தது. நான் செங்கல்பட்டில் வக்கீல் ஆபீசில் குமாஸ்தா. உறையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். தபால்காரர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அவர் போன பிறகும் வாசலிலேயே நின்றிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் மனைவி சிநேகா போனதிலிருந்து இப்படித்தான். இடுப்பளவு தண்ணீரில் நடப்பது போல நாள் நகர்கிறது.

நோட்டீசில் இருந்தது இவ்வளவுதான். டிசம்பர் 13, சனிக்கிழமை மாலை, பூஞ்சேரி பஸ் நிறுத்தத்தில், எனக்குச் சொந்தமான நாய் செங்கம்மாள் என்பவர் மீது பாய்ந்து தள்ளியதில் அவருடைய வலது மணிக்கட்டு முறிந்தது. அதற்கு நான் பொறுப்பு.

எனக்குச் சொந்தமான நாய் வாசற்படியில் குறுக்காகப் படுத்திருந்தது. வெள்ளை, பழுப்பு, கறுப்பு என எல்லா நிறமும் சிதறிய உடம்பு. அதனால் சிநேகா அதற்கு மிச்சர் என்று பெயர் வைத்தாள். தெருவில் பிறந்தது. அவள்தான் சோறு வைத்தாள். மாமல்லபுரம் கால்நடை மருத்துவமனைக்கு அட்டைப் பெட்டியில் தூக்கிப் போய் ஊசி போட்டாள். நான் அதைத் தொட்டதில்லை. எனக்கு நாய் பிடிக்காது என்றில்லை. அது அவளுடையது, அவ்வளவுதான்.

கல்பாக்கத்தில் ஒரு லேபில் சிநேகாவுக்கு ஒப்பந்த வேலை. மாலை ஆறுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கம்பெனி பஸ் அவளை இறக்கிவிடும். மிச்சர் ஐந்தரைக்கே ரோட்டோரம் போய் உட்கார்ந்துவிடும். அவள் இறங்கியதும் இரண்டு முன்னங்காலையும் அவள் தோளில் வைக்கும். "யோவ், கீழ இறங்குயா, பைய புடி மொதல்ல" என்பாள். டீக்கடையில் இருப்பவர்கள் தினமும் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஆகஸ்டில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள்.

மிச்சர் இன்னும் ஐந்தரைக்குப் போகிறது. பஸ் வருகிறது. கதவு திறக்கிறது. கடைசி ஆள் இறங்கும்வரை எண்ணுவது போலப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறது.

*

ராஜகோபாலன் சார் நோட்டீசை இரண்டு தடவை படித்தார். கோர்ட்டுக்கு எதிரே மாடியில் எங்கள் ஆபீஸ். ஜன்னலுக்கு வெளியே யாரோ பத்திரம் ஜெராக்ஸ் எடுக்கும் வெளிச்சம் நின்று நின்று வந்தது.

"கடிச்சுதா?"

"இல்ல சார்."

"பல்லு பட்டுதா? நகம் கீறித்தா?"

"இல்ல சார். தாவுச்சு. அந்தம்மா விழுந்துட்டாங்க."

ஜூனியர் காயத்ரி நிமிர்ந்தாள். "அப்ப கேஸே இல்லையே சார்."

"யாரு சொன்னா? கடிச்சாத்தான் பொறுப்புன்னு இல்லம்மா. தொரத்தி ஒருத்தன் வண்டியோட சாஞ்சா அதுவும் பொறுப்புதான். ஆசையா தாவித் தள்ளினாலும் பொறுப்புதான். தாவும்னு வளக்கறவனுக்கு முன்னாடியே தெரியுமா, தெரிஞ்சும் கட்டிப் போடாம விட்டானா, அதைத்தான் கோர்ட்ல கேப்பா." என் பக்கம் திரும்பினார். "தாவுமா?"

"தாவும் சார். ஒருத்தர் மேல மட்டும்."

யார் மேல் என்று அவர் கேட்கவில்லை. மேஜையில் இருந்த குண்டூசி டப்பாவை நகர்த்தி வைத்தார்.

"பஞ்சாயத்து லைசென்ஸ் இருக்கா?"

"இல்ல சார்."

"ஊசி போட்ட அட்டை?"

"இருக்கு. சிநேகா பேர்ல."

"அப்போ உரிமையாளர் உயிரோட இல்ல."

"இவர்தானே சார் வாரிசு" என்றாள் காயத்ரி. "ரெண்டு மாசம் முன்னாடி நாமதான் சர்டிபிகேட் வாங்கிக் குடுத்தோம்."

"அதுல நாய் வருமா?"

காயத்ரி சிரித்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். சிரிக்க வேண்டிய இடம்தான் என்று எனக்கும் தெரிந்தது.

சார் பதில் நோட்டீஸ் சொல்லச் சொல்ல நானே டைப் செய்தேன். மேற்படி நாய் எமது கட்சிக்காரருக்குச் சொந்தமானதல்ல. அது ஒரு தெரு நாய். செங்கம்மாளின் உடம்பில் கடித்த தடமோ நகக்கீறலோ கிடையாது. தமது உடல்நலக் குறைவால் அவர் மயங்கி விழுந்திருக்கலாம். விழுந்த பிறகே நாய் அருகில் வந்திருக்கலாம்.

எமது கட்சிக்காரர் என்று ஆறு இடத்தில் அடித்தேன். அந்த ஆள் யாரோ ஒருவனாகத் தெரிந்தான். நன்றாகத் தூங்குகிறவன், பதில் தெரிந்தவன்.

"திங்கட்கிழமை கையெழுத்துப் போடு, அனுப்பிடலாம்" என்றார் சார். "ஆனா ஒண்ணு. தெரு நாய்னு நீயே எழுதிக் குடுத்தப்புறம் பஞ்சாயத்துக்காரா பிடிச்சுண்டு போய் எங்கயாவது விட்டா நீ கேக்க முடியாது."

"சரி சார்" என்றேன்.

*

ஒன்றை நான் சாரிடம் சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை நான் அங்கே இருந்தேன்.

கோர்ட் விடுமுறை. தூறல் விட்டிருந்தது. ரோட்டில் கடலிலிருந்து வந்த ஈரம் புகை போலத் தரையோடு கிடந்தது. மிச்சருக்குப் பின்னால் நானும் சும்மா நடந்து போனேன். வேப்பமரத்தடியில் நின்றேன். டீக்கடை அன்று சாத்தியிருந்தது. பஸ்சின் மஞ்சள் விளக்கு முதலில் வந்தது. பிறகு பஸ் வந்தது. நாலு பேர் இறங்கி வேகமாகப் போனார்கள். கடைசியாக ஒருத்தி மெதுவாக இறங்கினாள்.

சாம்பல் நிற ஸ்வெட்டர். மேலிருந்து மூன்றாவது பொத்தான் மட்டும் மஞ்சள். கறுப்புப் பொத்தான் கிடைக்காமல் என் பழைய சட்டையிலிருந்து எடுத்து சிநேகா தைத்தது.

பஸ் கிளம்பிவிட்டது. மிச்சர் ஓடியது. அதன் காலுக்குக் கீழே ரோடே இல்லாதது போல ஓடியது.

நானும் ஓரடி எடுத்து வைத்தேன். இதைத்தான் யாரிடமும் சொல்லவில்லை. ஓர் அடி. அந்த ஓர் அடிக்கு ஆகஸ்ட் மாதமே வந்திருக்கவில்லை.

பிறகு அந்த உருவம் பின்னால் சாய்ந்தது. கை அடியில் போனது. ஈரத் தாரில் கிடந்தவளின் முகத்தை மிச்சர் நக்கியது, முனகியது, கழுத்தில் மூக்கை வைத்துத் தேடியது. யாரோ ஒருவர் ஓடி வந்து நாயை விரட்டினார். ஓர் ஆட்டோ நின்றது. தூக்கிப் போனார்கள். நான் மரத்தடியிலேயே நின்றிருந்தேன். ஒரு குரல் கொடுக்கவில்லை. ஒரு கை பிடிக்கவில்லை.

ஸ்வெட்டர் எப்படி அங்கே போனது என்று எனக்குத் தெரியும். அக்டோபரில் எங்கள் சர்ச் சபையில் அறுப்பின் பண்டிகை. காணிக்கையாக வரும் பூசணிக்காய், கோழி, வாழைத்தாரோடு கட்டிய மூட்டைகளும் ஏலத்துக்கு வரும். உள்ளே என்ன என்று பிரிக்காமல் எடுக்க வேண்டும், அதில் ஒரு விளையாட்டு. சிநேகாவின் துணிகளை நான் அப்படி மூட்டை கட்டிக் கொடுத்தேன். கொடுக்கிற துணியைத் துவைத்து மடித்துக் கொடுப்பதுதான் வழக்கம். நான் துவைக்கவில்லை. கொடியில் தொங்கியதை அப்படியே உருவிப் போட்டுக் கட்டினேன். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

ஏலம் முடியும் முன்பே கிளம்பிவிட்டேன். யார் எடுத்தார்கள் என்று கேட்கவில்லை.

*

டைப் செய்த பதிலோடு வீட்டுக்கு வந்த மறுநாள் மாலை, பஸ் நிறுத்தத்தில் பூபாலன் ஷேர் ஆட்டோவை நிறுத்தியிருந்தான். செங்கம்மாளின் மகன். மிச்சர் அவனுக்கு ஆறடி தள்ளி உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னா அண்ணாத்த" என்றான். "இது யாரு நாய்னு கண்டுபுடிச்சிட்டீங்களா? இல்ல, அதையே கோர்ட்டுல ஏத்திக் கேக்கணுமா?"

நான் மிச்சரைப் பார்த்தேன்.

"தெனம் இங்க குந்திகினு கீது. உன்ன பார்த்தா வாலாட்டுது. ஊருக்கே தெரியும். உனக்கு மட்டும் தெரியல."

"திங்கட்கிழமை பதில் குடுத்துடுவேன்."

"பதில நீயே வச்சிக்க. அம்மா உன்ன பாக்கணும்னு பேஜார் பண்ணுது. வந்துட்டுப் போ. கடிக்க மாட்டோம்."

ஞாயிறு காலை போனேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வீடு. செங்கம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியில் மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். கல்பாக்கம் டவுன்ஷிப்பில் துப்புரவு வேலை. சிநேகா போன அதே பஸ்.

"வாப்பா. குந்து. நாஸ்தா ஆச்சா?"

"ஆச்சு."

"பொய் சொல்ற. மூஞ்சப் பாத்தாலே தெரியுது." மருமகளைப் பார்த்தார். இரண்டு இட்லி தட்டில் வந்தது. நான் தட்டைக் கையில் வைத்திருந்தேன்.

"நோட்டீசு வுட்டது எம் புள்ள. துட்டுக்குன்னு நெனச்சிருப்ப. அது இல்ல" என்றார். "பெரியாஸ்பத்திரியில கட்டு போட்டுட்டாங்க, காசு இல்லாம. என் பிரச்சின வேற. சூப்பர்வைசர் இன்னா சொல்றான் தெரியுமா? நீ மயக்கம் போட்டு வுழுந்துட்ட, உனக்கு வலிப்பு கிலிப்பு கீது, வேலைக்கு லாயக்கில்லன்றான். நாய் தள்ளுச்சு சார்னா, எங்க கடிச்ச தழும்பு காட்டுன்றான். இன்னாத்த காட்றது? நாய் தள்ளுனா தழும்பா இருக்கும்? ஜனவரியில கேட்டு பாஸ் புதுசு பண்ணணும். மயக்கக் கேஸுன்னு எழுதிட்டா கேட்டுலயே நிறுத்திடுவான். பதினாலு வருசம்பா."

மயங்கி விழுந்திருக்கலாம். அதை நான் ஸ்பேஸ் விட்டு, புள்ளி வைத்து, அழகாக டைப் செய்திருந்தேன். சட்டைப் பையில் இருந்தது.

"ஒரு கடிதாசு போதும் எனக்கு. நாய் என்னுது, அதான் தள்ளுச்சுன்னு. அது தள்ளுனத அங்க ஒருத்தரும் பாக்கல, அதான் கஷ்டம்."

"நான் பார்த்தேன்" என்றேன்.

பூபாலன் வாசலிலிருந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

"மரத்தடியில நின்னுகிட்டிருந்தேன். நீங்க நல்லாத்தான் இறங்குனீங்க. மயக்கம் இல்ல. அது தாவுச்சு. நான் வந்து தூக்கல."

பூபாலன் ஏதோ திட்ட வாயெடுத்தான். செங்கம்மாள் இடது கையைத் தூக்கி அவனை நிறுத்தினார்.

"ஸ்வெட்டர் சிநேகாவோடது" என்றேன்.

"தெரியும்பா."

நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன்.

"ஏலத்துல மூட்டையில அந்த சாம்பக் கலர் கையி ஒண்ணு வெளிய தெரிஞ்சுகினு இருந்துச்சு. அதப் பாத்துட்டுத்தான் கேட்டேன், வேற எவளும் எடுத்துடக் கூடாதுன்னு. பஸ்ல எம் பக்கத்து சீட்டு அந்தப் புள்ள. குளிருச்சுன்னா அதுல பாதிய எம்மேல போடும். எனக்கும் துவைக்க மனசு வரல. அன்னிக்குத்தான் மொத தபா அப்படியே போட்டுகினு போனேன்." சிரித்தார். "நான் கீழ கெடக்கறேன், கை போச்சுன்னு கத்தறேன், அது இன்னாடான்னா கொஞ்சுது. அதத் திட்டக்கூட முடியல. ஏமாந்துது நாயி. நாந்தான் ஏமாத்திட்டேன்."

"ஸ்வெட்டர் எங்க?" என்றேன்.

"சேறாயிடுச்சு. மருமக துவச்சிட்டா. ஊற வச்சு ரெண்டு தடவ." நான் முகத்தை எப்படி வைத்திருந்தேனோ, குரலைத் தாழ்த்தினார். "வேணுமா? எடுத்துகினு போ."

"வேண்டாம். நீங்களே போட்டுக்குங்க. குளிருமில்ல."

இட்லியைத் தின்றேன். பசித்தது. பிறகு பூபாலனிடம் ஒரு தாள் கேட்டேன். அவன் பெண்ணின் ரூல் நோட்டிலிருந்து கிழித்துக் கொடுத்தான். எழுதினேன். மிச்சர் என்ற நாய் எனக்குச் சொந்தமானது. என் மனைவியிடமிருந்து எனக்கு வந்தது. ஒருவரைக் கண்டால் தாவும் என்பது எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் கட்டவில்லை. செங்கம்மாள் மயங்கவில்லை. நான் நேரில் பார்த்தேன். ஜெபக்குமார்.

பூபாலன் நின்றபடியே படித்தான். "இத்த குடுத்தா நீ மாட்டிக்குவ அண்ணாத்த" என்றான். குரலில் பழைய சூடு இல்லை.

"மாட்டிகிட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

*

திங்கட்கிழமை சார் பழைய பதிலைத் தேடினார். இல்லை என்றேன். பூபாலனிடம் எழுதிக் கொடுத்ததன் நகலை நீட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "என் சர்வீஸ்ல இப்படி ஒரு கட்சிக்காரனப் பாத்ததில்ல" என்றார். பிறகு காயத்ரியைக் கூப்பிட்டு, "பஞ்சாயத்துல நாய் லைசென்ஸ் பாரம் கிடைக்குமான்னு கேளு" என்றார்.

ஜனவரி மூன்றாம் சனிக்கிழமை மிச்சருக்கு முதல் தடவை கழுத்துப் பட்டை மாட்டினேன். அது அசையாமல் காட்டியது. அதன் காதுக்குப் பின்னால் இவ்வளவு மென்மையாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நைலான் கயிற்றை இரண்டு சுற்று கையில் சுற்றிக்கொண்டேன். ஐந்தரைக்குப் போய் உட்கார்ந்தோம்.

அன்றும் கடல் ஈரம் தரையில் கிடந்தது. மஞ்சள் விளக்கு வந்தது, பிறகு பஸ். கடைசியாக இறங்கினவர் சாம்பல் ஸ்வெட்டர் போட்டிருந்தார். ஒரு கையால் கம்பியைப் பிடித்து, பாஸ் தொங்கும் கழுத்தோடு, மெதுவாக.

மிச்சர் எழுந்தது. கயிறு விறைத்தது. முழு பலத்தோடு இழுத்தது. என் உள்ளங்கையில் நெருப்பாக எரிந்தது. ஆகஸ்டிலிருந்து எனக்கு எங்கேயும் வலித்ததில்லை. விடவில்லை.

செங்கம்மாள் பத்தடி தள்ளி நின்றார். "கிட்ட வரவா?"

"வாங்க. புடிச்சிருக்கேன்."

வந்தார். இடது கையை நீட்டினார். மிச்சர் ஸ்வெட்டரின் விளிம்பை முகர்ந்தது. மஞ்சள் பொத்தானை முகர்ந்தது. மறுபடியும் முகர்ந்தது. சோப்பு வாசனைதான் இருந்திருக்கும். வால் நின்றது. அவரைத் தாண்டி பஸ் கதவைப் பார்த்தது. கதவு மூடியது, பஸ் போனது.

பிறகு அது திரும்பி என் காலடியில் வந்து உட்கார்ந்தது.

"வூட்டுக்குக் கூட்டிகினு போப்பா" என்றார் செங்கம்மாள். "உன் நாயி."

"ஆமாம்" என்றேன்.