கத்தரீனாவின் விசில்

குருநகரில் றேடியோ திருத்துகிற பெண் நான் ஒருத்திதான். பொம்பிளைக்கு உது என்ன வேலை என்று கேட்டவர்கள் எல்லாரும் பிறகு றேடியோவைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வந்தார்கள். தொண்ணூற்றிரண்டில், பழைய றேடியோ ஒன்றோடு செப்புக்கம்பி வளையத்தைச் சேர்த்து, மண்ணுக்குள் உலோகம் தேடும் கருவி செய்தேன். வேலை செய்யும்போது அது விசிலடித்தபடியே இருக்கும். இரும்பு கிட்ட வந்தால் விசில் தாழும், பொன் வந்தால் ஏறும். என் காப்பை வைத்து நூறு தரம் சோதித்தேன். சண்டைக் காலம், யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி கொண்டுவரத் தடை. அதனால் சைக்கிளைக் கவிழ்த்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் ஓட்டினேன்.

அதைக் கேள்விப்பட்டு அச்சுவேலியிலிருந்து குணலட்சுமி வந்தாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் கிடந்தது.

"கத்தரீனா அக்கா, தொண்ணூறிலை சண்டை துவங்க, தாலிக்கொடியைச் சீலையிலை முடிஞ்சு பனங்கிழங்குப் பாத்திக்கை தாட்டுப்போட்டு நல்லூருக்கு ஓடினனாங்கள். திரும்பிவந்து கிண்டினால் இல்லை. நான் அதை என்ரை தம்பிக்குக் குடுத்திட்டன் எண்டு மச்சாள் சொல்லுறா. அவரும் அதை நம்புறார்." அழுதாள். "கொடி போனாலும் பறவாயில்லை. கள்ளி எண்ட பேர் போகவேணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த நாள் காலையிலேயே போனேன்.

அவள் புருசன் நடராசா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த மச்சாளை, அவருடைய அக்கா அருந்ததியைச் சைக்கிள் சுற்ற விட்டேன். வேண்டுமென்றுதான். பாத்தி இருந்த இடமெங்கும் வளையத்தைப் பிடித்தேன். போன இடமெல்லாம் விசில் தாழ்ந்தது. கிண்டினால் ஷெல் துண்டுகள்தான் வந்தன.

"உதிலை பாட்டாவது போடுங்கோவன், கேப்பம்" என்றாள் அருந்ததி.

"விண்ணாணம் கதையாமல் ஒரே வேகத்திலை சுத்துங்கோ!"

அப்போதுதான் பார்த்தேன். கிழங்குப் பாத்தி என்றால் மண் முழங்கால் உயரத்துக்குக் கூட்டியிருக்கும். இங்கே தரை மட்டமாகக் கிடந்தது.

"பாத்தி மண் எங்கை?"

"ஷெல்லுக்கு ஒளிக்கிற பங்கருக்கு மேலை அடுக்கச் சாக்கிலை கட்டினது" என்றார் நடராசா. "பொலுபொலு எண்ட மண்தானே. நானும் அக்காவும்தான் இவளுக்கு முதல் திரும்பிவந்து அள்ளினனாங்கள்."

"முடிச்சு இருந்திருந்தால் எங்கடை கண்ணிலை படாதோ?" என்றாள் அருந்ததி.

"மூட்டையளை இறக்குங்கோ" என்றேன்.

ஏழு மூட்டைக்கு விசில் அசையவில்லை. எட்டாவதில் ஏறியது. மாதாவே! வளையத்தை எடுத்து மறுபடி வைத்தேன். மறுபடியும் ஏறியது. சாக்கை வெட்டிக் கொட்டினோம். மண்கட்டியோடு மண்கட்டியாக ஒரு சீலை முடிச்சு விழுந்தது. அவிழ்த்தால் கொடி! சும்மா சொல்லக்கூடாது, அந்த நேரம் யாழ்ப்பாணத்திலேயே பெரிய கெட்டிக்காரி நான்தான் என்று நினைத்தேன்.

அருந்ததியின் கை நின்றது, விசிலும் நின்றது. நடராசா கொடியை எடுத்துக் குணலட்சுமியின் கழுத்தில் போடப் போனார். அவள் அதைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"குண்டு போடப் பொம்பர் வரேக்கையெல்லாம் ரெண்டு வரியமா உதுக்குக் கீழைதான் எல்லாரும் குந்தியிருந்தனாங்கள். உதுக்குக் கீழை இருந்துகொண்டுதான் என்னைக் கள்ளி எண்டனீங்கள்."

குணலட்சுமி கிணற்றடிக்குப் போய் மண் போகக் கழுவி, கொடியைத் தானே போட்டுக்கொண்டு நிமிர்ந்து வந்தாள்.