மூடிக் கிடந்த கூரை

ஹாலியுன் பால் வாளியை இறக்கி வைத்துவிட்டுக் கூரைக் கயிற்றில் கை வைப்பதற்குள் பக்கத்துக் கூடாரத்திலிருந்து மாமியார் தோல்கோரின் குரல் வந்துவிடும்.

“சாவு விழுந்த வீடு மாதிரி இன்னும் மூடியே கெடக்குது பாரு. எங்க வீட்டு மகாராணிக்கு இன்னும் விடியல போல!”

கயிற்றை இழுத்தால் கூரை வளையத்தின் மேல் கிடக்கும் துணி விலகும், புகை போகும், வெளிச்சம் வரும். பொழுது விடிந்த பிறகும் அந்தத் துணி மூடிக் கிடந்தால் ஒன்று மழை, இல்லையென்றால் உள்ளே பிணம். மருமகள் சோம்பேறி என்ற மூன்றாவது அர்த்தம் மாமியார்கள் கண்டுபிடித்தது. ஆற்றங்கரையில் அந்தக் கோடைக்குக் கூடாரம் போட்டிருந்த அத்தனை குடும்பங்களுக்கும் கேட்கும்படி தோல்கோர் அதைத்தான் தினமும் சொன்னாள். ஹாலியுன் அதற்குள் இரண்டு பசு கறந்திருப்பாள். அதெல்லாம் கணக்கில் வராது.

வசந்தத்தில்தான் கல்யாணம். வழக்கப்படி பெண் வீட்டார் பெட்டியும் கட்டிலும் பாத்திரமும் கொடுத்தார்கள், பிள்ளை வீட்டார் கூடாரம் கொடுத்தார்கள். தோல்கோர் தன் கையாலேயே கூடாரத்துக்குச் சுவராகக் கம்பளியைச் சுற்றிக் கட்டி, மேலே புது வெள்ளைத் துணி போர்த்தினாள். பார்த்தவர்கள் கண் வைக்கிற மாதிரிதான் இருந்தது. மழை தொடங்கியதும் வடக்குப் பக்கம், அப்பா கொடுத்த பெட்டிக்குப் பின்னால், கருப்பாகப் பூசணம் பூத்தது. படுக்கை நமத்தது. மாவு மூட்டையில் ஓத நாற்றம் ஏறியது. கணவன் தெம்பெரெலுக்குக் காலையில் எழுந்தால் தொண்டை கரகரத்தது.

மாமியாருக்கு இது கை நிறையக் கிடைத்த தீனி.

“ஓரத்தத் தூக்கி விட்டாத்தானே காத்து வரும்? மூடி போடாம கறிய வேக வெச்சா ஆவி எங்கடி போவும், ஓம் பொறந்த வீட்டுக்கா?” என்று வருகிறவர் போகிறவரையெல்லாம் உள்ளே அழைத்துப் பெட்டியை நகர்த்திக் காட்டினாள். “கோட முடிஞ்சு எடம் மாறுற அன்னிக்கு எங்கண்ணன் வருவாரு. அவரு முன்னாடி இந்தப் பெட்டிய ஒங்கப்பன் வண்டியில ஏத்தலன்னா நான் தோல்கோர் இல்ல.”

சொன்னால் செய்கிறவள்தான். தெம்பெரெலின் முதல் மனைவி ஸந்தனை அப்படித்தான் அனுப்பினாள். அந்தக் கதையைப் பக்கத்துக் கூடாரத்து தூல்மா, பால் கறக்கும்போது அரையும் குறையுமாகச் சொல்லியிருந்தாள். ஹாலியுனுக்கு இப்போது நாள் தள்ளிப் போயிருந்தது. திரும்பிப் போனால் அப்பா வீட்டில் தம்பி மனைவியின் அடுப்படியில் பிள்ளை பெற வேண்டும்.

“ஒங்கம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்களேன்” என்றாள் கணவனிடம்.

“எங்கம்மா வாயில விழுறதுக்கு ஓநாய் வாயில விழலாம்” என்று சிரித்துவிட்டுக் குதிரை ஏறிப் போனான் அவன். குதிரை மேல் இருக்கும்போது மட்டும் தெம்பெரெல் ஆம்பளை.

அவள் ஓரங்களைத் தூக்கிக் கட்டினாள். கணப்பில் வறட்டியை அடுக்கிக்கொண்டே இருந்தாள். சோடா கரைத்த நீரைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்துக் கை புண்ணானது. தேய்த்த இடத்தில் நாலு நாளில் மறுபடி கருப்பு. அப்படித் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் கை நின்றது.

தரையிலிருந்து ஏறும் ஓதம் திட்டுத் திட்டாகத்தான் படரும். இது திட்டு இல்லை, கோடு. தரையிலிருந்து மேலே நேராக ஒரு கோடு போனது. அதன் குறுக்கே இன்னொன்று. கதவுக்குப் பக்கத்தில், காற்றும் வெயிலும் படுகிற இடத்தில்கூட, வெளிறி அதே கோடு. அவள் கம்பளியின் கீழ் ஓரத்தைப் பிடித்து அந்தக் கோட்டில் மடித்துப் பார்த்தாள். சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி அது மடிந்துகொண்டது.

இந்தப் பூசணம் அவள் சமைத்த ஆவியில் வந்ததில்லை. ஈரத்தோடு மடித்துக் குளிர்காலம் முழுக்கக் கட்டிப் போட்ட கம்பளி, மடிப்புக்குள்ளேயே நோயை வைத்துக்கொண்டு வந்திருக்கிறது. கூடாரத்தில் பிறந்தவன் எவனும் மழையில் கூடாரம் பிரிக்க மாட்டான். ஆத்திரத்தில் கண் தெரியாமல் போனவள்தான் பிரிப்பாள். தூல்மா சொல்லியிருந்தாளே, ஸந்தன் மழையில் நனைந்துகொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தாள் என்று. அவளை அனுப்பிவிட்டுப் பிரித்த கூடாரம்தான் இது.

கல்யாணமானதிலிருந்து முதல் முறையாக ஹாலியுன் வாய்விட்டுச் சிரித்தாள்.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தூரிகையைத் தூக்கி மூலையில் போட்டாள். தூக்கிக் கட்டிய ஓரங்களை இறக்கி மண் அணைத்தாள். மூடி போடாமல் கறியை வேக வைத்தாள். கோடுகள் தடித்தன, மயிர் முளைத்தது. கணவன் இருமினான். இருமட்டும் என்று விட்டுவிட்டாள். பூசணத்தைப் பயிர் மாதிரி வளர்த்தாள். மாமியார் வைதபோதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டாள், முகத்தில் சிரிப்பு தெரியக் கூடாதே என்று.

இடம் மாறும் நாளில் நல்ல வெயில். தோல்கோரின் அண்ணன் பூர்வே வந்திருந்தார். குடும்பத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். பிரிக்க உதவ அக்கம்பக்கமெல்லாம் கூடியிருந்தது. குதிரைப்பால் கிண்ணம் ஒரு சுற்று வருவதற்குள் தோல்கோர் ஆரம்பித்துவிட்டாள்.

“அண்ணே, நல்ல கம்பளிய நாசம் பண்ணிட்டா இவ. எம் புள்ள நெஞ்சும் போச்சு. இவள இன்னிக்கே அனுப்பிரணும்.”

“போறேன்” என்றாள் ஹாலியுன். “அதுக்கு முன்னாடி அந்தக் கம்பளியப் புல்லுல விரிச்சு ஒரு தடவ பாருங்க மாமா.”

விரித்தார்கள். பச்சைப் புல்லின் மேல் கட்டம் கட்டமாகக் கருப்புக் கோடுகள் கிடந்தன. பூர்வே குனிந்து, கோடு கோடாக மடித்துக்கொண்டே போனார். கடைசியில் அது கட்டி வைக்கிற பொதியாகவே ஆகிவிட்டது.

“ஈரத்தோட மடிச்சது யாரு?” என்றார்.

தூல்மாவுக்கு வாய் நிற்காது. “போன வருசம் ஸந்தன வெரட்டுன அன்னிக்கு என்னா மழ! காயட்டும், ரெண்டு நாள் பொறுன்னு நாங்க அத்தன பேரும் சொன்னோம். கேட்டாளா?”

தோல்கோரின் முகம் வெளுத்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை, மருமகளை மட்டும் பார்த்தாள். ‘விடுங்க மாமா, வெயில்ல காய வெச்சுத் தட்டிக்கலாம்’ என்று ஒரு வார்த்தை போதும். கூட்டம் சிரித்துக் கலைந்திருக்கும். ஹாலியுனுக்கு அது தெரியும். நாக்கு நுனி வரை வந்ததை அவள் ருசி பார்த்து விழுங்கினாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்குக் கல்யாணத்தன்றும் இருந்ததில்லை.

“ஓன் நல்ல கூடாரத்துல புள்ளைங்க இருக்கட்டும்” என்றார் பூர்வே தங்கையிடம். “நீ மடிச்சத நீயே விரிச்சுப் படு.”

இலையுதிர் கால இடத்தில் வெயில் சுருங்கிவிட்டது. பொதியைப் பிரித்துக் கட்டியபோதே தோல்கோர் தும்மினாள். பனி விழத் தொடங்கியதும் இருமல் நெஞ்சில் இறங்கியது.

“ஒரு நாள் அம்மாவோட கம்பளியக் கழட்டிக் காய வெச்சுத் தரட்டுமா?” என்றான் தெம்பெரெல் மனைவியிடம்.

“எந்த வெயில்ல? கழட்டுனா அவங்க ராத்திரிக்கு எங்க படுப்பாங்க, இங்கயா?”

அவன் குதிரை ஏறிப் போய்விட்டான்.

ஹாலியுன் விடிவதற்கு முன்பே தன் கூரையைத் திறந்துவிடுவாள். பிறகு பால் வாளியோடு பக்கத்துக் கூடாரத்தின் முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வாள்:

“சாவு விழுந்த வீடு மாதிரி இன்னும் மூடியே கெடக்குது பாருங்க. எங்க அத்தைக்கு இன்னும் விடியல போல!”

உள்ளேயிருந்து இருமல் பதில் சொல்லும். கொஞ்ச நேரத்தில் தோல்கோர் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, இரண்டு கையாலும் கயிற்றை இழுப்பாள். முதலில் தூல்மா வயிறு குலுங்கச் சிரித்தாள். போகப் போகச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, அந்த நேரத்தில் வேறு பக்கம் பார்க்கப் பழகினாள். ஹாலியுன் நிறுத்தவில்லை. வயிறு பெரிதாக ஆக அவள் குரலும் தடித்தது.

உறைபனி கொட்டியிருந்த ஒரு காலையிலும் அதையே சொன்னாள். பதில் இல்லை. இன்னும் உரக்கச் சொன்னாள். மாடுகளைக் கறந்து முடித்து வந்து மூன்றாம் முறையும் சொன்னாள். வெயில் கூரை மேல் ஏறியிருந்தது. கணப்புக் குழாயில் புகை இல்லை. கதவின் முன்னால் நாய் படுத்திருந்தது.

தூல்மா தன் கூடாரத்திலிருந்து வந்தாள். கூரையைப் பார்த்தாள், பிறகு ஹாலியுனைப் பார்த்தாள்.

“எப்பத்துலேர்ந்து இப்பிடி மூடியிருக்கு?”

“விடிஞ்சதுலேர்ந்து பாத்துட்டேதான் இருக்கேன்” என்றாள் ஹாலியுன்.

“பாத்துட்டே இருந்தியா?”

தெம்பெரெல் இருவரையும் இடித்துக்கொண்டு உள்ளே ஓடினான். ஹாலியுனின் கை வழக்கம் போலக் கயிற்றுக்குப் போனது. தூல்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். அன்றைக்கு அந்தத் துணியை விலக்கக் கூடாது.